கொக்கு வயிற்றில் கெளுத்தி

சுக்காங்காட்டுவலசில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கோயில் கிணற்றில் தண்ணீர் ஏறியது நஞ்சப்பனும் பாவாயியும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டதால்தான் என்று. சொல்லும்போது ஒருவர் முகத்திலும் கூச்சம் இருக்காது, மழை பெய்து குட்டை நிறைந்தது என்று சொல்வதைப் போலத்தான் சொல்வார்கள், பக்கத்தில் பிள்ளைகள் நின்றாலும் குரல் தாழாது. அந்த நஞ்சப்பன் நான். பாவாயி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுடைய சிறுநீரகம் ஒன்று என் அடிவயிற்றில் வலது பக்கமாக இருந்துகொண்டு இன்னும் வேலை செய்கிறது.

எனக்கு அப்போது வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடின. நூல் கொடுப்பவர் கொடுக்க, நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிற பிழைப்பு. ஊரில் எல்லா வீட்டிலும் தறிதான், அதனால் கரண்ட் இருக்கும்வரை ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்காது, கரண்ட் போய்விட்டால் எல்லார் வீட்டு இருமலும் எல்லாருக்கும் கேட்கும். நாற்பது வயதை நெருங்கும்போது என் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போயின. கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்த அந்த வருடங்களில் எனக்குச் சிறுநீர் என்பதே இல்லாமல் போயிற்று, போகவேண்டிய கழிவெல்லாம் உடம்பிலேயே தங்கி, என் மூச்சில் மூத்திர வாடை அடித்தது, உடம்பெல்லாம் அரித்தது, கால் வீங்கியது. டீக்கடையில் எனக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பாவாயியிடம் எனக்கு இருந்த ஆசை முதலில் போயிற்று, பிறகு ஆசைக்கு உரிய உறுப்பு செத்தது, பிறகு அது செத்துப்போன வருத்தமும் செத்தது. அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் வாடையைப் பொறுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய ரத்தமும் என் ரத்தமும் ஒத்துப்போனதால் அவளே தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அறுத்து வைத்த மறுநாள் டியூப் வழியாகப் பையில் மஞ்சளாக இறங்கியதை வார்டு நர்ஸ் தூக்கிக் காட்டினாள், நான் அழுதேன். ஊருக்கு அனுப்பும் முன்னால் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து மாத்திரைகளைச் சொன்னார், தண்ணீர் எவ்வளவு குடிக்கவேண்டும் என்று சொன்னார், கூட்டத்தில் போகாதே, காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பாவாயிதான் கேட்டாள்.

"ஏனுங் டாக்டரம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாங்களா?"

"ஒண்ணாத்தானே இருக்கீங்க?"

"அந்த ஒண்ணு இல்லைங்க."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "இதக் கேக்க வெக்கப்பட்டுட்டு எத்தனையோ பேரு பயந்தே கெடக்கறாங்க. நீங்க கேட்டீங்களே, சந்தோஷம். தாராளமா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் தையல் நல்லா ஆறட்டும், ரெண்டு மாசம் போகட்டும். அது ஒண்ணும் அழுத்துனா உடைஞ்சு போற முட்டை இல்ல, மேல பாரம் போடாம பாத்துக்கங்க. ஒரு வருஷத்துக்குக் கருத்தரிக்கக் கூடாது, அவங்க உடம்புக்கும் அது வேணும், உங்க மாத்திரைக்கும் அது வேணும், அதனால உறை போட்டுக்கங்க. பிரஷர் மாத்திரை சில பேருக்கு எழுச்சியக் குறைக்கும். குறைஞ்சா எங்கிட்ட வாங்க, மாத்தித் தர்றேன். மெடிக்கல்ல போய் நீங்களா எதையும் வாங்கித் தின்னுறாதீங்க."

இவ்வளவுதான் விஷயம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு சாத்திய கதவு, அதற்குள் முடிந்துவிடக்கூடிய விஷயம். சுக்காங்காட்டுவலசுக்கு அது போதவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு குலம் உண்டு. ஒரே குலத்தில் பிறந்தவர்கள் முகம் பார்த்திராதவர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கைதான், அவர்களுக்குள் பெண் கொடுக்கல் எடுக்கல் கிடையாது. நான் கொக்கு குலம், பாவாயி பிறந்தது கெளுத்தி குலம். நாங்கள் ஊருக்கு வந்த சில நாளில் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். முறை சொல்லும் பெரியவர் குழந்தைவேலப்பன் தூணில் சாய்ந்து, பல்லில் சிக்கிய பாக்கைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"நஞ்சப்பா, உன்ர வயித்துல இருக்கறது யாருது?"

"பாவாயியோடதுங்க."

"பாவாயி என்ன குலம்?"

"பொறந்தது கெளுத்திங்க. தாலி ஏறினதும் நம்ம கொக்குக் குலத்துக்கு வந்துட்டாளுங்களே."

"தாலி கழுத்துக்குக் கட்டினதப்பா. கிட்னிக்கா கட்டுனே?"

மண்டபம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "தெனமும் மாத்திரை தின்கறயே, அது எதுக்கு?"

"உடம்பு இதை வேறாளுதுன்னு நெனச்சுத் தள்ளிராம இருக்கறதுக்குங்க."

"கேட்டுக்கங்க எல்லாரும். டாக்டரே சொல்லீட்டாங்க, அது இன்னும் வேறாளுதுதான். கொக்கு கெளுத்தியத் தின்னா செரிச்சுக் கொக்காயிரும். இவன் செரிக்காம இருக்க மாத்திரை போடறான். அப்ப இவன் வயித்துக்குள்ள ஒரு முழுக் கெளுத்தி உசுரோட கெடக்குது, இவன் ரத்தமெல்லாம் அதுக்குள்ள பூந்துதான் வருது. இப்ப அந்தப் புள்ளைக்கு இவன் யாரு?"

"அண்ணனுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது, பாடம் ஒப்பிப்பதைப் போல.

தீர்ப்பு இதுதான்: நான் தறிக் கொட்டகையில் படுக்கவேண்டும், அவள் வீட்டுக்குள் படுக்கவேண்டும், வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கவேண்டும், எதிர்வீட்டு ரங்காத்தாள் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மீறினால் எங்களுக்கு யாரும் நூல் கொடுக்கக்கூடாது. அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிக்கொள் என்று பெண்கள் பாவாயிக்குப் புத்தி சொன்னார்கள். அவள் அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படீன்னா தீவாளிக்கு எனக்குப் பொறந்த ஊட்டுச் சீரு இவரு செய்யோணும், செய்யறதுக்கு நீங்க நூல் கொடுக்கோணும். ரெண்டையும் பேசி முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் முதுகின் பக்கவாட்டில் தையல் அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் நடந்தாள்.

ரங்காத்தாளை நாங்கள் ரங்கக்கா என்போம். அவள் தன் வாசலில் முறத்தோடு உட்கார்ந்தாள். எங்கள் கதவுக்குள் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை. நான் மாத்திரை விழுங்குவதை, பாவாயி சேலை மாற்ற மறைவு தேடுவதை, நான் எத்தனை தடவை பின்கட்டுக்குப் போகிறேன் என்பதை எல்லாம் அவள் பார்த்தாள், பார்த்ததை அரிசி களைந்த தண்ணீரைப் போலத் தெருவில் ஊற்றினாள். என் உடம்போ இத்தனை வருடம் கழித்து விழித்துக்கொண்டது. வாடை போயிற்று, அரிப்பு போயிற்று, சோறு ருசித்தது, ஒருநாள் விடியற்காலையில் செத்துப்போன உறுப்பு தானாக உயிரோடு இருந்தது, நான் அதைப் பாவாயியிடம் சொல்வதற்காகத் திறந்த கதவு வழியாக உள்ளே போய், எதிர்வாசலில் முறம் புடைக்கும் ஓசையைக் கேட்டுத் திரும்பி வந்தேன். மனிதனைக் கொன்றவனைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா சொன்ன இரண்டு மாதம் கழிந்ததும் பாவாயிதான் ஒரு மத்தியானம் கொட்டகைக்கு வந்து, தறிச் சத்தத்துக்கு மேலே என் காதில் வாயை வைத்து, "மாமா, வாங்க" என்றாள். வீட்டுக்குள் போனதும் ரங்கக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் பயந்தேன். ஊருக்குப் பயந்ததைவிட என் வயிற்றுக்குப் பயந்தேன், அவள் கொடுத்ததை அவள்மேலேயே சாய்ந்து நசுக்கிவிடுவேனோ என்று தள்ளியே நின்றேன். அவள் சிரித்தாள். "என்னுதுக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்." வெளியே ஊரின் எல்லாத் தறிகளும் ஓடின. என் அடிவயிற்றுத் தழும்பும் அவள் விலாத் தழும்பும் அன்றுதான் ஒன்றையொன்று தொட்டன. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, ஊர் பேசியதே ஏழு தலைமுறைக்குப் போதும்.

அந்த நேரத்தில்தான் கோயில் கிணற்றில் தண்ணீர் ஏறியது.

அது தண்ணீர் வற்றி வெகுகாலமான கிணறு. ஊர் அதைக் குப்பைக்கு வைத்திருந்தது. தறியில் விழுந்த கழிவு நூல், கிழிந்த செருப்பு, மாதவிடாய்த் துணி, சாராய பாட்டில், பிளாஸ்டிக் பைகளில் முடிச்சுப்போட்ட எச்சில் இலை, லாரியில் அடிபட்ட நாய்கள், யாருடையது என்று யாரும் கேட்டுக்கொள்ளாத, துணியில் சுற்றிய சின்னப் பொட்டலங்கள். தண்ணீர் அடியிலிருந்து ஏறியபோது அவ்வளவையும் தலைமேல் தூக்கிக்கொண்டு ஏறியது. ஊர் தூக்கி எறிந்ததெல்லாம் ஊதிப்போய், நுரைத்து, ஈ மொய்த்து, கிணற்றின் விளிம்புக்கு வந்து நின்று ஊரைப் பார்த்தது. நாற்றம் எட்டு வீதிக்கும் போயிற்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. "தண்ணி வந்திருச்சு" என்றார்கள், பஸ் வந்துவிட்டது என்பதைப் போல. டீசல் என்ஜின் கொண்டுவந்து குப்பையை அள்ளி, கலங்கலை இறைத்து, பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கொட்டி, தெளிந்ததும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். பொட்டலங்களை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பேச்சு முழுக்க எங்கள் கதவைப் பற்றி இருந்தது.

ஏனென்றால் சில நாள் கழித்து நாங்கள் மறுபடி கதவைச் சாத்தினோம், மறுபடி தண்ணீர் ஏறியது. முறத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் ரங்கக்காதான். "கதவு சாத்துனா ஏறுது, தொறந்தா நிக்குது, நான் கண்ணாரப் பாத்தேன்" என்று அவள் மண்டபத்தில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். எங்களை ஊரைவிட்டுத் தள்ளுவதற்காகக் கூடிய கூட்டம் அது. பஞ்சாயத்துத் தலைவர் திருமூர்த்தி எழுந்து, தேர்த் திருவிழா வருகிறது, கல்யாண மாதம் வருகிறது, ஆயிரம் அடிக்குப் போட்ட போர்வெல்லில் புழுதிதான் வருகிறது என்று சொல்லிவிட்டுப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் பாக்கைத் துப்பினார்.

"அண்ணன் தங்கச்சிங்கறது மாறாதப்பா" என்றார். "ஆனா ஒரு வழி இருக்குது. அந்தப் புள்ளைய ஆமை குலத்துக்குத் தத்துக் கொடுத்துரலாம். அப்ப அவ கெளுத்தி இல்ல, ஆமை. இவன் வயித்துக்குள்ள கெளுத்தி, மேல கொக்கு. ஆமைக்கு ரெண்டும் முறை ஆகும். இன்னொருக்காத் தாலி கட்டிரட்டும்."

"பெரியவருங்க, ஏறுன தண்ணியக் குடிச்சவங்க வயித்துக்கு என்ன குலமுங்க?" என்று பாவாயி கேட்டாள்.

அடுத்த முகூர்த்தத்தில், பாவாயியைவிட வயதில் சின்னவர்களான ஆமை குலத்துப் புருஷன் பெண்டாட்டி இருவர் அவளை மடியில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்துத் தத்தெடுத்தார்கள், நான் என் மனைவிக்கு மறுபடி தாலி கட்டினேன், கிணற்றுத் தண்ணீரில் சமைத்து ஊரே சாப்பிட்டது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அதன்பிறகுதான் நாங்கள் உண்மையில் கெட்டோம். தடுத்தபோது ஒரு கதவுதான் எங்களுக்கு இல்லை, அனுமதித்தபிறகு எதுவுமே இல்லை. பெண்கள் வந்து என் சட்டையைத் தூக்கித் தழும்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள், டாக்டரம்மா கிருமி ஆகாது என்று சொன்னதைச் சொன்னால், சாமி காரியத்தில் கிருமி வராது என்று என் வயிற்றின்மேலேயே இருமினார்கள். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுச் சிறுநீரகங்களை வாழை இலையில் வைத்து, ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள், இனத்தோடு இனம் சேரும் என்றார்கள். ஒருவர் பலம் தரும் லேகியம் கிண்டிக்கொண்டு வந்தார், பாவாயி அதைச் சாக்கடையில் கொட்டினாள், சாக்கடை கறுத்து நுரைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையோடு வந்து, முந்தின நாள் மத்தியானம் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று பாவாயியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் நான் நடந்தால், என் முகத்தைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை, எல்லார் கண்ணும் வேட்டி மடிப்பில் இருந்தது.

தேருக்கு முந்தின நாள் அவர்கள் எங்களுக்கு ஒரு மரியாதை செய்தார்கள். எங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று ஊரின் எல்லாத் தறிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். நான் பிறந்ததிலிருந்து கரண்ட் இருக்கும்போது அந்த ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து கேட்டதில்லை. சாத்திய கதவுக்குள் நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். கிணற்றடியில் குடங்கள் ஒன்றோடொன்று இடிப்பது கேட்டது, யாரோ குழந்தையை உஸ் என்று அடக்குவது கேட்டது, ஒரு கிழவன் காறுவதும் எதிர்வாசலில் ரங்கக்கா மூச்சு விடுவதும் கேட்டன. என் உடம்பு கல்லாகி, பிறகு துணியாயிற்று. பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திருமூர்த்தியின் குரல் கதவுக்கு வெளியே மரியாதையாகக் கேட்டது.

"ஏனப்பா நஞ்சப்பா, இன்னும் ஆகலீங்களா?"

பாவாயி எழுந்து கதவைத் திறந்தாள். தெரு முழுக்கக் குடம்.

"தலைவருங்களே, உங்க ஊட்ல நீங்க இருக்கறப்ப நாங்க குடம் எடுத்துட்டு வந்து வாசப்படில நிக்கறமா? நின்னா உங்களுக்கு ஆகுமா? ஆகும்னா சொல்லுங்க, நாளைக்கே வர்றோம், உங்க சம்சாரத்துக்குத் தாம்பூலமும் கொண்டாறோம்."

சிலர் சிரித்தார்கள். ஒரு குடமும் நகரவில்லை.

என் இயலாமை ஊர்ப் பொதுக்காரியம் ஆயிற்று. திருமூர்த்தி மெடிக்கலில் வாங்கி வந்த நீல மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதைப் போலக் கையை மூடினார். டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னதுதான். தேர் நிற்கிறதே, அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லையே என்று பத்துப் பேர் சுற்றி நின்றார்கள், நான் விழுங்கினேன். என் பிரஷர் மாத்திரையும் அதுவும் சேர்ந்து ரத்த அழுத்தம் அடியோடு இறங்கி, எழுந்து நின்றவன் அம்மிக்கல்லின்மேல் விழுந்தேன். வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். ரத்தம் சோதித்த டாக்டரம்மா முகம் சிவந்து, "கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருக்கு, தப்பிச்சுருச்சு. யாரு கொடுத்தது?" என்றார். பாவாயி வராந்தாவைக் காட்டினாள். வராந்தாவில் சுக்காங்காட்டுவலசு பாதி உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா அவர்களைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார். "உடம்புல கோளாறு கொஞ்சம்தான். பயம்தான் ஜாஸ்தி. அவசரப்படாதீங்க, யாருக்காகவும் செய்யாதீங்க" என்றார். யாருக்காகவும் செய்யாதே என்று ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல்.

நான் தேறியதும் பாவாயி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தாள். மூட்டைப்பூச்சி நசுக்கிய கோடுகள் சுவரெல்லாம் இருந்தன, கட்டில் கிறீச்சிட்டது, கீழே பரோட்டாக் கடையில் கொத்தும் சத்தம் ஓயாமல் கேட்டது, எங்களை யாருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலில் அந்த அழுக்கு அறையில் எங்களுக்கு எல்லாம் திரும்பி வந்தது. எந்தக் கிணற்றிலும் எதுவும் ஏறவில்லை. குளியலறைக் குழாய்கூட எப்போதும்போல ஒழுகியது. பாவாயி கட்டிலில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "இவ்ளோதான் மாமா நான் கேட்டது" என்றாள்.

எப்படித்தான் தெரிந்ததோ, ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாப்பிலேயே நின்றார்கள். "ஊருத் தண்ணியக் கொண்டுபோய்க் கோயமுத்தூர்ல கொட்டிட்டு வந்திருக்காங்க" என்று ரங்கக்கா மண்ணை வாரித் தூற்றினாள். அதுமுதல் நான் ரத்தம் சோதிக்கப் போகும்போதெல்லாம் ரங்கக்கா கூட வந்தாள், தங்கவேண்டி வந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் பாயைப் போட்டுக் குறட்டைவிட்டாள்.

பாவாயி அதற்குப்பின் ஒரு முடிவுக்கு வந்தாள். "எனக்கு வேணுங்கறப்ப, உங்களுக்கு வேணுங்கறப்ப. தண்ணி ஏறுனா ஏறட்டும், ஏறாட்டிப் போகட்டும். அவங்களுக்காக ஒருக்காலும் இல்ல, அவங்களுக்குப் பயந்து ஒருக்காலும் விடறதும் இல்ல." அப்படியே நடந்தது. சில மாதம் கிணறு நிறைந்தது, சில மாதம் காய்ந்தது. காய்ந்தபோது எங்கள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், நிறைந்தபோது அதே இடத்தில் கோலம் போட்டார்கள். நாங்கள் இரண்டையும் ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளினோம். அப்படிப் பல வருடங்கள் கதவைச் சாத்தவும் திறக்கவும் எங்களுக்கு உரிமை இருந்தது, அந்த வருடங்களை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் பாவாயிக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல்தான், ஊரில் பலருக்கும் வந்தது, அவளுக்கு மட்டும் மூளைக்குப் போய்விட்டது. அதற்கும் அவள் சிறுநீரகம் கொடுத்ததற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நினைவு இருந்த கடைசி மத்தியானம் அவள் என் வேட்டிக்கு மேலாக அடிவயிற்றில் கையை வைத்து, "இது என்னுது மாமா. இவங்க கேட்டாங்கன்னு கொடுத்துராதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

கருமாதி அன்று, மொட்டைத் தலையில் ஈரம் காயாமல் நான் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெரியவரும் திருமூர்த்தியும் ரங்கக்காவும் வந்தார்கள். பின்னால் தட்டில் வெற்றிலைபாக்கும் பூவும் இருந்தன. சாவு வீட்டுத் தட்டு இல்லை அது, நிச்சயத் தட்டு. பெரியவர் என் தோளில் கை வைத்தார்.

"நஞ்சப்பா, போனவ போயிட்டா. கெணறு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. மேக்கால ஊர்ல ஒரு பொண்ணு இருக்குது, வயசு கொஞ்சம் கம்மி, வாய் பேசாது, எதுத்துப் பேசற பிரச்னையே இல்ல. கொக்குக்கும் ஆகும், கெளுத்திக்கும் ஆகும், ஆமைக்கும் ஆகும். எல்லா முறையும் நான் பாத்துட்டேன்."

"மாத்திரைகூட டாக்டரக் கேட்டே வாங்கித் தர்றோம்" என்றார் திருமூர்த்தி.

வாய் பேசாத பெண் என்று சொன்னபோது பெரியவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் இன்றுவரை மறக்கவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தவனுக்கு வருமே, அந்தத் திருப்தி.

நான் எழுந்து நடந்தேன். கிணற்றைப் பார்க்கத்தான் போகிறேன், சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டு ஊரே பின்னால் வந்தது. வரும்போதே குடத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அந்தப் பழக்கம் அவர்களுக்குப் போகாது. நல்ல வெயில். கிணற்று மேட்டில் ஏறி, ஊரைப் பார்த்துத் திரும்பி, பிறகு கிணற்றைப் பார்த்துத் திரும்பி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலத்தில் வருடக்கணக்காக என் உடம்பிலிருந்து ஒரு சொட்டு வராத அந்தத் தண்ணீரை, பாவாயி கொடுத்தது வடித்துக் கொடுத்த அந்தத் தண்ணீரை, அந்த ஊரின் கிணற்றுக்குள் பெய்தேன். "இந்தாங்க. இதுதான் அவகிட்டருந்து உங்களுக்கு" என்றேன். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், கல் எறிவார்கள், குறைந்தபட்சம் காறித் துப்புவார்கள், ஒரு மனிதன் இன்னொரு மனிதனை அவமதித்தான் என்கிற அளவுக்காவது அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பெரியவர் மேடேறி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கிணற்றின் அடியில், குப்பையும் வெடித்த சேறுமாக இருந்த இடத்தில், ஒரு கையகலத்துக்குப் பளபளவென்று ஈரம் தேங்கியிருந்தது.

"பாவாயாத்தா கொடுக்கறா" என்றார் அவர். "மொண்டுக்குங்க."

ரங்கக்காதான் முதலில் சொம்பு கட்டிய கயிற்றை விட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டாள். அடித்தண்ணீரைச் சொம்பு சுரண்டும் சத்தம் கேட்டது. மேலே வந்ததை உள்ளங்கையில் ஊற்றி, கண்ணில் ஒற்றி, வாயில் விட்டுக்கொண்டார்கள், முண்டியடித்தார்கள், எனக்கு எனக்கு என்றார்கள். நான் கிணற்று மேட்டிலேயே குந்தி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தேன். எடுத்த வாந்தியைத் தாண்டிக்கொண்டு குடங்கள் போயின.

அன்று சாயங்கால பஸ்ஸில் மாத்திரை டப்பாவோடும் அவள் சேலை ஒன்றோடும் கிளம்பினேன். தறிகளை விற்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கிணற்றில் பிறகு தண்ணீர் ஏறவே இல்லை என்று கேள்வி. ஆனால் அதற்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், பாவாயாத்தா என்று ஒரு கல்லை நட்டு ஆமை உருவமும் செதுக்கியிருக்கிறார்கள், பிள்ளை இல்லாதவர்களும் ஆண்மை குறைந்தவர்களும் வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று சொல்கிறார்கள்.

நான் இருப்பது ஒரு டவுனில், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. குழாயில் குளோரின் வாடையோடு தண்ணீர் வருகிறது, டாக்டர் சொன்ன அளவுக்குக் குறையாமல் குடிக்கிறேன், மாத்திரையை வேளை தவறவிடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை தேர் சமயத்தில் சுக்காங்காட்டுவலசிலிருந்து வேன் வரும். இப்போது வருபவர் திருமூர்த்தியின் மகன், நல்ல படிப்பு, நல்ல பேச்சு. கையில் துணி கட்டிய பித்தளைக் குடம் இருக்கும். "வரவேண்டாங்கய்யா, சிரமப்படாதீங்க, இதுல கொஞ்சம் கொடுத்தாப் போதும்" என்று வாசலில் நின்று கும்பிடுவார்.

நான் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்க் கக்கூஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறேன். வெளியே அவர் கும்பிட்டபடி நிற்பது தெரியும். பாவாயி தன் வேலையைச் செய்கிறாள், அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது. முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிடுகிறேன்.